கார்வை: பாட்டில் ஆட்கள் நுழையும் வாசல்

(அனலைதீவில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஊர்காவற்றுறைத் துறையடியில் வள்ளம் ஏறி அனலைதீவுக்கு வருகிறவர்களுக்கு ஒரு சத்தம் காதோடு ஒட்டிக்கொள்ளும். கரையில் இறங்கி வீடு போய்ச் சேர்ந்த பிறகும் அது போகாது. என்ஜின் அடிக்கும் சத்தம்தான். ஒரே அளவு, ஒரே கனம், ஒரே இடைவெளி. தாளம் என்றால் ஒழுங்கு மட்டுமே என்று எண்ணுகிறவருக்கு அந்த என்ஜினைவிடச் சுத்தமான தாளக்காரர் கிடைக்கமாட்டார். ஆனால் அந்தச் சத்தத்துக்கு யாரும் எழுந்து ஆடியதில்லை, யாரும் பாட்டுக் கட்டியதுமில்லை.

இதே கடலில் என்ஜின் வருவதற்கு முன்பு தண்டு வலித்துப் போனவர்கள் பாடிக்கொண்டு போனார்கள். தண்டு தண்ணீருக்குள் இறங்கும். இழுபடும். மேலே வரும். மறுபடி இறங்குவதற்கு முன் ஒரு கணம் காற்றில் நிற்கும், அதன் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டும். பாட்டு மூச்செடுத்தது அந்தக் கணத்தில்தான்.

நாட்டார் பாட்டோடு மின்கிற்றாரும் பேஸ் கிற்றாரும் ட்ரம்ஸும் சேர்ந்து வரும் இசையை உலகம் ஃபோக் றொக் என்கிறது. அந்த இசையில் இருந்த இடத்திலேயே காலை ஆட்டவைக்கிற ஓட்டத்துக்கு ‘குரூவ்’ என்று பெயர். இசைத்தட்டில் ஊசி ஓடும் பள்ளத்துக்கும் அதே பெயர்தான். நம்மவர்கள் அதை ‘நடை’ என்பார்கள். “நடை விழுந்திட்டுது” என்றால் மேளக்காரருக்கும் விளங்கும், கேட்டுக்கொண்டிருப்பவருக்கும் விளங்கும். அந்த நடைக்குள் அடிக்காமல் விடப்படும் இடத்துக்கும் தமிழில் பழைய சொல் ஒன்று உண்டு. அது கார்வை. இன்றைய பேச்சு முழுவதும் அந்த ஒரு சொல்லைப் பற்றியதுதான்.

கார்வை என்பது ஓய்வு இல்லை. தாளம் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். கை மட்டும் தோலில் விழாது. கேட்பவரின் உடம்பு அந்த அடியைத் தானே அடித்துக்கொள்ளும். தலை அசைவதும், விரல் துடையில் தட்டுவதும் அப்போதுதான். நாட்டார் தொழிற்பாட்டு தோன்றிய நாளிலிருந்து அப்படித்தான் இருந்து வந்திருக்கிறது, ஏனென்றால் அது கேட்பதற்காகச் செய்யப்பட்ட பாட்டு இல்லை. வேலை செய்வதற்காகச் செய்யப்பட்டது.

துலாவை எடுத்துக்கொள்வோம். இந்தத் தீவின் புகையிலைத் தோட்டங்களுக்கு ஒருகாலத்தில் தண்ணீர் வந்தது துலா வழியாகத்தான். ஒருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிப்பார். மற்றவர் கிணற்றுக் கட்டில் நின்று பனையோலைப் பட்டையைப் பிடித்து இறக்குவார். மிதிப்பவர் முன்னே நடக்கப் பட்டை கீழே போகும். தண்ணீரில் விழுந்து சரிந்து நிரம்பும். அதற்கு ஒரு நேரம் வேண்டும். யாரும் அவசரப்படுத்த ஏலாத நேரம் அது. பிறகு மிதிப்பவர் பின்னே நடக்கப் பட்டை மேலே வரும். நின்றவர் அதை இழுத்து வாய்க்காலில் கவிழ்ப்பார். போகும் நடைக்கும் வரும் நடைக்கும் பாட்டின் சொற்கள். பட்டை நிரம்பும் நேரத்துக்கு ஈற்றெழுத்தின் நீட்சி, அல்லது வெறும் மௌனம். எத்தனை பட்டை இறைத்தாயிற்று என்ற கணக்கும் பாட்டுக்குள்ளேயே போகும். ஒரு சாண் அளவுக்குக் கிணற்றில் தண்ணீர் வற்றினால் பட்டை இறங்கும் தூரம் கூடும்; பாட்டின் அடியும் அந்த அளவுக்கு நீளும். தாளத்தைத் தீர்மானித்தது கிணறு.

பிறகு தண்ணீர் இறைக்கும் மெசின் வந்தது. முதுகு நோவு போயிற்று. அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. துலா மிதித்த மனிதரின் கால்களைப் பார்த்தவர்கள் மெசினை வரவேற்கத்தான் செய்வார்கள். ஆனால் மெசினுக்குக் கார்வை தேவைப்படவில்லை. பாட்டு தோட்டத்தை விட்டுப் போனது அந்த வழியாகத்தான்.

கரைவலைக்கும் இதே கதைதான். வடகரை முழுக்கக் கடல்தொழிலாளர் பாடிய பாட்டுகளை அம்பா என்பார்கள். ஒருவர் ஒரு அடியை எடுத்துக் கொடுப்பார். கயிற்றைப் பிடித்தவர்கள் எல்லோரும் சேர்ந்து ஏற்பார்கள். இழுவை விழுவது ஏற்கும் இடத்தில். எடுத்துக் கொடுப்பவர் பாடும்போது கயிறு தளராமல் பிடித்திருப்பார்கள், அவ்வளவுதான். சொல் ஒருவருக்கு, பலம் எல்லோருக்கும் என்று வேலை பங்கிடப்பட்டிருக்கும். எடுத்துக் கொடுப்பவர் கெட்டிக்காரர் என்றால் இழுவைக்குச் சற்று முன்பு, மயிரிழை அளவு, சொல்லை நிறுத்திப் பிடிப்பார். அந்த மயிரிழையில் எல்லோருடைய தோளும் ஒன்றாகச் சேரும். முந்தினால் கயிறு சிதறும். பிந்தினால் வலை கனக்கும். றொக் இசைக்குழுவில் ட்ரம்ஸ் அடிப்பவரும் பேஸ் கிற்றார்காரரும் வருடக்கணக்காகப் பழகிப் பிடிக்கிற சங்கதி இதுவேதான்.

1987இல் அமெரிக்க இசை ஆய்வாளர் சார்ள்ஸ் கைல் ஒரு கட்டுரை எழுதினார். இசை உடம்பைப் பிடித்து இழுப்பதற்குக் காரணம் வாசிப்பவர்கள் முழுக்க ஒன்றாக அடிப்பது இல்லை என்றார் அவர். ஒருவர் சற்று முந்துவார், ஒருவர் சற்றுப் பிந்துவார். அந்தச் சிறு விலகலுக்குள்தான் கேட்பவர் நுழைகிறார், சேர்ந்துகொள்கிறார் என்பது அவர் வாதம். கரைவலை இழுத்த பெரியவர்களிடம் இதைச் சொன்னால் இதில் என்ன புதினம் என்று கேட்பார்கள்.

இப்போது அவையில் உள்ளவர்கள் ஒரு சின்னக் காரியம் செய்து பார்க்கலாம். ஒன்றிலிருந்து ஆறு வரை எண்ணுங்கள், மறுபடி ஒன்றிலிருந்து. நிறுத்தாமல். கையை ஒன்றிலும் நாலிலும் தட்டுங்கள்: தகிட, தகிட. அது நடந்துகொண்டிருக்கும்போது காலை ஒன்றிலும் மூன்றிலும் ஐந்திலும் ஊன்றுங்கள்: தக, தக, தக. முதலில் குழம்பும். சற்றுப் பொறுத்தால் கையும் காலும் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்கத் தொடங்கும். அந்த ஆறில் இரண்டாவதும் ஆறாவதும் வெறுமையாகவே இருக்கும். கையும் இல்லை, காலும் இல்லை. இடுப்பு அசைவது அந்த இரண்டு இடத்திலும்தான்.

அந்த ஆறுக்குப் பெயர் பைலா.

ஆடு என்று பொருள்படும் போர்த்துக்கீசச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தை 1619இல் பிடித்தார்கள். ஊர்காவற்றுறையை ஆங்கிலத்தில் கயிற்ஸ் என்று சொல்கிறோமே, அந்தப் பெயரிலும் துறைமுக மேடையைக் குறிக்கும் அவர்களுடைய சொல்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இலங்கைக்கு அவர்களுடைய கப்பல்களில் ஆபிரிக்கர்களும் கொண்டுவரப்பட்டார்கள். அந்த வழியினர் இன்றும் புத்தளம் சிரம்பியடியில் மஞ்சா என்ற பெயரில் தங்கள் பாட்டையும் கொட்டையும் காத்து வருகிறார்கள். மட்டக்களப்புப் பறங்கியர் கபிரிஞ்ஞா ஆட்டத்தை விடவில்லை. இவற்றிலிருந்து கிளைத்ததுதான் பைலா. அதை 20ஆம் நூற்றாண்டில் மேடைக்கும் வானொலிக்கும் கொண்டுபோனவர் பொலிஸ் சேவையில் இருந்த வொலி பஸ்தியான்ஸ். அதற்குப் பிறகு பைலா சிங்களவருக்கு, தமிழருக்கு, பறங்கியருக்கு என்று பிரித்துச் சொல்ல ஏலாத பொதுச்சொத்தாகிவிட்டது.

1960களின் பிற்பகுதி. உரும்பிராய்க்காரரான நித்தி கனகரத்தினம் அம்பாறை ஹார்டி தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த காலம். ஒரு கிற்றார், யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழ், ஊர் வம்பு, கொஞ்சம் புத்திமதி. இவற்றை வைத்துக்கொண்டு அவர் கட்டிய பாட்டுகள்தான் ஈழத்துத் தமிழ்ப் பொப் இசையின் தொடக்கம். ‘சின்ன மாமியே’ தெரியாத யாழ்ப்பாண வீடு இல்லை. தமிழ்நாட்டுச் சினிமாப் பாட்டின் பெரிய வாத்தியக் கோஷ்டியோடு ஒப்பிட்டால் அந்தப் பாட்டில் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமின்மைதான் அதன் பலம். மாமியிடம் மகளைப் பற்றி விசாரிக்கும் குரல் ஒரு கேள்வியைக் கேட்டு நிற்கும், கிற்றார் நடந்துகொண்டிருக்கும், கேட்டுக்கொண்டிருக்கும் சனம் சிரித்து முடிக்க இடம் இருக்கும். பகிடி சொல்லத் தெரிந்தவர் பகிடிக்குப் பிறகு சற்றுப் பொறுப்பார். நித்தியின் பாட்டுக்குப் பொறுக்கத் தெரியும்.

ஏ. ஈ. மனோகரன் வேறு மாதிரியானவர். மேடையே அவருடைய வீடு. குரலை வளைத்து, உடம்பைக் குலுக்கி, சனத்தை எழுப்பி ஆடவைக்கும் ஆற்றல் அவருக்கு இருந்தது. ‘சுராங்கனி’ சிங்களச் சொல்லும் தமிழ்ச் சொல்லுமாகக் கலந்து கடல் தாண்டித் தமிழ்நாடு போனது. அங்கே அவர் சிலோன் மனோகர் ஆனார், சினிமாவில் நடித்தார், 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். சுராங்கனியில் மீன் வாங்கி வரும் சேதிதான் உண்டு. அந்தச் சின்ன விசயம் எப்படி இந்தியா முழுக்கப் போயிற்று என்று பலர் அதிசயப்பட்டிருக்கிறார்கள். பல்லவியைப் பாடகர் பாதி பாட, மற்றப் பாதியை யாரும் பழக்காமலே சனம் பாடிவிடும். அம்பாவின் ஏற்புத்தான் அது. கடற்கரையிலிருந்து மேடைக்கு ஏறியிருக்கிறது. மீன் பாட்டு மீன்பிடிப் பாட்டின் கட்டமைப்பிலேயே நின்றது பொருத்தந்தானே.

இந்தப் பொப் இசையை அந்தக் காலத்துப் பெரியவர்கள் பலர் மதிக்கவில்லை. கூத்தாடித்தனம் என்றார்கள், மேல்நாட்டு மோகம் என்றார்கள். இன்று திரும்பிப் பார்த்தால் அது தவறான தீர்ப்பு. பாட்டில் பேச்சுத்தமிழை வைத்ததும், ஊர்க்கதையை வைத்ததும், கிற்றாரை வைத்துக்கொண்டும் சனத்துக்கு இடம் விட்டதும் நாட்டார் மரபின் நேர்வழி வாரிசுகள் செய்கிற வேலை. தமிழில் ஃபோக் றொக் எங்கே என்று தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

அதே காலத்தில் மேற்கிலும் இந்தச் சண்டை நடந்தது. 1965 ஜூலையில் நியூபோர்ட் நாட்டார் இசை விழாவில் பொப் டிலன் மின்கிற்றாரோடு மேடையேறியபோது கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சல் போட்டது. கூச்சல் மின்சாரத்துக்கு எதிரானது என்பார்கள். ஆனால் உண்மையான கேள்வி வேறு: மின்சாரம் வந்த பிறகும் பாட்டுக்குள் இடம் இருக்குமா?

அந்தக் கேள்விக்கு நல்ல பதில் சொன்னவர்களில் ஒருவர் லீவொன் ஹெல்ம். ஆர்கன்சாவில் பருத்தித் தோட்டக்காரரின் மகன். டிலனுக்குப் பின்னணி வாசித்து, பிறகு ‘த பேண்ட்’ என்ற பெயரில் 1968இல் முதல் தட்டை வெளியிட்ட குழுவின் ட்ரம்ஸ்காரர். மற்ற நால்வரும் கனடாக்காரர். ஐவரும் ஒன்றுசேர்ந்து பழகியது ரொறன்ரோ நகரத்து விடுதி மேடைகளில். இன்று அனலைதீவாரின் பேரப்பிள்ளைகள் நிறையப் பேர் வளரும் ஊர் அது. அந்த முதல் தட்டில் ‘த வெயிட்’ என்றொரு பாட்டு இருக்கிறது. வீட்டுக்குப் போய்த் தேடிக் கேளுங்கள். ட்ரம்ஸ் என்றால் இடி என்று நினைப்பவருக்கு ஏமாற்றமாக இருக்கும். அடிகள் குறைவு. தோல் தளர்ந்து, மரப்பெட்டியில் தட்டியதுபோல் மங்கலான சத்தம். ஒவ்வொரு அடியும் வரவேண்டிய நேரத்துக்குச் சற்றுப் பிந்தி, நாள் முழுக்க வேலைசெய்து வீடு திரும்புகிறவரின் நடையில் வரும். பல்லவியின் கடைசியில் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் வாத்தியம் நின்றே விடும். 1968இல் மற்றக் குழுக்கள் ஒலிபெருக்கிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது இந்த ஐவரும் அடிகளைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள்.

இங்கிலாந்தில் ஃபெயார்போர்ட் கன்வென்ஷன். 1969 மே மாதம் நெடுஞ்சாலை விபத்தில் தங்கள் இளம் ட்ரம்ஸ்காரர் மார்ட்டின் லாம்பிளைப் பறிகொடுத்த குழு. மனம் உடைந்து கலைந்துபோயிருக்கலாம். கலையவில்லை. டேவ் மாட்டக்ஸ் என்ற புதிய ட்ரம்ஸ்காரரைச் சேர்த்துக்கொண்டு, பழைய ஆங்கிலக் கதைப்பாடல்களைத் தேடியெடுத்து, அந்த வருட முடிவுக்குள் ‘லீஜ் அண்ட் லீஃப்’ தட்டை வெளியிட்டார்கள். ஆங்கில ஃபோக் றொக்கின் அடித்தளம் அதுதான் என்பார்கள். மாட்டக்ஸ் நடன மண்டபக் குழுக்களில் வாசித்துப் பழகியவர். ஜிக் என்ற நாட்டார் ஆட்டத்தின் அடி ஆறு எண்ணிக்கை கொண்டது. நாம் சற்று முன்பு தட்டிப் பார்த்த அதே ஆறு. அதை றொக் வேகத்தில் நிரப்பிவிடாமல், பெரிய அடிகளை இடம்விட்டு வைத்து, பாட்டுக்காரி கதை சொல்ல வழிவிட்டார்.

யமேக்காவின் றெகே இன்னும் ஒரு படி மேலே போனது. பொப் மார்லியின் ட்ரம்ஸ்காரர் கார்ல்ட்டன் பரெட் கையாண்ட ஒரு நடையில் நாலு எண்ணிக்கையின் முதல் அடி வெறுமை. கனத்த அடி மூன்றாவதில்தான் விழும். எல்லாரும் எதிர்பார்க்கும் இடத்தில் ஒன்றுமில்லை. முதல் அடியை விட்டுவிட்டு உலகத்தையே ஆடவைத்தார்கள்.

கர்நாடக இசைக்காரருக்கு இது புதிதாக இராது. பாட்டு தாளத்தோடு தொடங்கினால் சமம். முந்தித் தொடங்கினால் அதீதம். பிந்தித் தொடங்கினால் அநாகதம். அரை இடம், ஒன்றரை இடம் என்று பாட்டின் தொடக்கமான எடுப்பைக் கணக்கிடும்போது பயன்படுகிற சொல்லே ‘இடம்’ என்பதுதான். அடிக்கு அடுத்துள்ள வெறுமையை நேரமாக எண்ணாமல் இடமாக எண்ணியிருக்கிறார்கள் நம் முன்னோர். உட்கார இடம், நிற்க இடம் என்பதுபோல, பாட்டு வந்து அமர இடம்.

இந்த இடத்தில் யாழ்ப்பாணத்துத் தவிலைச் சொல்லாமல் போக ஏலாது. பலா மரத்தைக் குடைந்த உடல். ஒரு பக்கம் விரல்களில் துணியும் பசையும் சுற்றிக் காயவைத்த கூடு. மறுபக்கமான தொப்பியில் பூவரசங் கழி. திருவிழாக்களில் விடிய விடிய நடந்த மேளச்சமாவுக்கு மாட்டுவண்டி கட்டிக்கொண்டு போன சனம் இது. 1933இல் பிறந்து 1975இல் மறைந்த தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தியைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் அவருடைய வேகத்தைச் சொல்வார்கள். அம்ஷன் குமார் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படத்துக்கு இந்தியத் தேசிய விருதும் கிடைத்திருக்கிறது. வேகம் உண்மைதான். ஆனால் எஞ்சியிருக்கும் ஒலிப்பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டால் வேறொன்று துலங்கும். அந்த வேகம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். சொற்கள் மழையாகப் பொழிந்துகொண்டிருக்கும். சட்டென்று கை எடுபடும். நாதஸ்வரம் மட்டும் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கூட்டம் மூச்சை அடக்கிக்கொள்ளும். பிறகு ஒரே ஒரு அடி, தொப்பியில். அந்த ஒற்றை அடி அதுவரை அடித்த நூறு அடியைவிடக் கனமாக விழும். வேகம் பழக்கத்தால் வரும். நிறுத்துவதற்குத் துணிவு வேண்டும்.

கூத்துக்கும் வருவோம். இந்தத் தீவுகளில் ஊர்காவற்றுறைப் பக்கத்து மெலிஞ்சிமுனை போன்ற ஊர்கள் கத்தோலிக்கத் தென்மோடிக் கூத்தை விடாமல் பிடித்து வைத்திருக்கின்றன. அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார். கூத்தர் ஒரு தருவை, அதாவது கூத்துப் பாட்டை, பாடி நிறுத்துவார். பிற்பாட்டுக்காரர் அதை வாங்குவார்கள். அவர்கள் பாடி முடிக்கும் வரை கூத்தருக்கு ஆட நேரம், மூச்செடுக்க நேரம், அடுத்த அடியை நினைக்க நேரம். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 1962இல் ‘கர்ணன் போர்’ கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தபோது, விடியும் வரை ஆடும் கூத்தை நகரத்துச் சபைக்கு ஏற்பச் சுருக்கினார். அந்த முயற்சி இல்லாவிட்டால் படித்த தமிழர் கூத்தைத் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள். அந்தக் கடன் பெரியது. ஆனாலும் சுருக்கும்போது முதலில் போவது கார்வைதான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கதை போகாது, தரு போகாது, ஆட்டம் போகாது. பிற்பாட்டின் நீட்சியும், வரவுக்கும் வரவுக்கும் நடுவில் சனம் தேத்தண்ணி குடித்த நேரமுந்தான் போகும். ஊர்க் களரியில் அவையும் கூத்தின் ஒரு பகுதிதான்.

சாவீட்டுப் பறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துப் பறை தமிழ்நாட்டுத் தப்பு மாதிரி ஒருமுகத் தட்டை வாத்தியம் இல்லை. இருமுகம் கொண்டது, இடுப்பில் தொங்குவது. அதன் நடையைப்போல நெஞ்சைப் பிடிக்கிற நடை இந்த மண்ணில் வேறொன்று இல்லை. அதை அடித்தவர்களை இந்தச் சமூகம் படலைக்கு வெளியே நிறுத்தியது. சத்தம் மட்டும் உள்ளே வந்தது. இசையில் இடம் விடுவதைப் பற்றிப் பேசுகிற எவரும் இந்த மனிதர்களுக்கு இடம் மறுக்கப்பட்டதைச் சொல்லாமல் இருக்கக்கூடாது. நிறையப் பேர் அந்தக் கொட்டைக் கைவிட்டார்கள். அவமானத்தைச் சுமந்துகொண்டு அதை அடிக்கச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. கைவிட்டது சரியான முடிவுதான். இழப்பு ஊருக்குத்தான்.

சென்னையில் அதே சிக்கலுக்கு வேறொரு பதில் கிடைத்தது. இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய ‘த காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ 2018 ஜனவரியில் முதல் நிகழ்ச்சியை நடத்தியது. பத்தொன்பது பேர். வடசென்னைக் கானாக்காரர், பறைக்காரர், சட்டி அடிப்பவர். பக்கத்திலேயே மின்கிற்றாரும் ட்ரம்ஸும். அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த சாதி பேதமற்றவர் என்ற சிந்தனையிலிருந்து எடுத்த பெயர். அத்தனை தோல் வாத்தியம் ஒன்றாக மேடையில் இருந்தால் ஒரே இரைச்சலாகிவிடும் என்று பயப்படத் தோன்றும். நல்ல பாட்டுகளில் அப்படி ஆகவில்லை. கானாக்காரர் ஒரு வரியைச் சொல்லும்போது கொட்டு விலகி நிற்கிறது. சொல் முடிந்ததும் பறை பதில் சொல்கிறது. மேடையில் முன்வரிசையில் நின்று, தன் பெயரில், தலை நிமிர்ந்து. தமிழில் இன்று ஃபோக் றொக் என்று சொல்லத் தகுந்ததில் இதுவே உயர்ந்தது.

இனி நம் பக்கம்.

1990களின் முதற்பாதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, கையால் பெடலைச் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் றேடியோவும் கசெற்றும் கேட்ட காலம். சுற்றுகிறவருக்குக் கை களைத்தால் பாட்டு கனத்து இழுபடும். பாடகியின் குரல் ஆண்குரல் போலாகும். பக்கத்தில் இருப்பவர்கள் சத்தம் போட, கை மறுபடி வேகம் எடுக்கும், பாட்டும் எழும்பும். கஷ்ட காலந்தான், அதை அழகாக்கிச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்று தெரிந்திருந்தது: பாட்டின் காலம் ஒரு மனிதருடைய கையிலிருந்து வருகிறது.

இன்று திருவிழா இசைக்குழுக்களில் நிகழ்வது அதற்கு நேர்மாறு. கீபோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் பைலா தானாக ஓடும். ஒக்டபாட்டில் தட்டினால் பறையும் வரும், தவிலும் வரும். இயந்திரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. அது சொன்னதைச் செய்கிறது. பொத்தானை அழுத்திய பிறகு அதற்குமேல் நிரப்பத் தோன்றுகிற மனந்தான் சிக்கல். ஆறில் இரண்டாவதும் ஆறாவதும் வெறுமையாக இருந்ததே, அந்த இரண்டிலும் ஒரு சிலுக்குச் சத்தத்தைப் போட்டு நிரப்பிவிடுகிறார்கள். பேஸ் விடாமல் ஓடுகிறது. பாடகர் நிறுத்தினால் புல்லாங்குழல் ஓசை வந்து அந்த இடத்தையும் அடைக்கிறது. சத்தம் கூடக் கூட சனம் கதிரையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆட எழும்புவோர் குறைவு. கடலில் அடிக்கும் அந்த என்ஜின்தான் மேடை ஏறி நிற்கிறது.

இந்தத் தீவின் இளைஞர்கள் கிற்றார் எடுக்க வேண்டும், ட்ரம்ஸ் எடுக்க வேண்டும். கணினியில் இசையமைக்கவும் வேண்டும். லண்டனில் வளர்ந்த ஈழத்தமிழ்ப் பெண் மாயா அருள்பிரகாசம் தன் தாயின் பெயரில் 2007இல் வெளியிட்ட ‘காலா’ இசைத்தொகுப்பில் உறுமியை வைத்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தாரே. அனலைதீவின் அம்பாவையும் துலாப்பாட்டையும் பேஸ் கிற்றாரோடு ஒருவர் பாடினால் அதைப் போன்ற பெருமை வேறென்ன இருக்கிறது? அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு.

வட்டுக்கோட்டை மு. இராமலிங்கம் போன்றவர்கள் ஊர் ஊராக அலைந்து நாட்டார் பாடல்களைத் தொகுத்துத் தந்தார்கள். அவர்கள் இல்லாவிட்டால் சொற்களும் அழிந்திருக்கும். ஆனால் அச்சில் சொல்தான் நிற்கும். எங்கே நிறுத்தினார்கள், எங்கே தண்டு காற்றில் நின்றது, எத்தனை நேரம் பட்டை நிரம்பியது என்பதெல்லாம் தாளில் ஏறவில்லை. அந்தக் கணக்கு இன்னும் சில முதியவர்களின் தோளிலும் காலிலுந்தான் இருக்கிறது. அவர்களிடம் போய்ப் பாடச் சொல்லும்போது கதிரையில் இருத்திப் பாடச் சொல்லாதீர்கள். ஒரு கயிற்றையோ ஒரு தண்டையோ கையில் கொடுங்கள். நாலு பேர் எதிரே நின்று இழுங்கள், ஏற்றுப் பாடுங்கள். தொலைபேசியைப் பக்கத்தில் வைத்து, தொடக்கத்திலிருந்து முடிவு வரை நிறுத்தாமல் பதிவு செய்யுங்கள். அவர் பாடாமல் நிற்கும் நேரத்தை வெட்டி எறிந்துவிடாதீர்கள். இந்தச் சபையில் எழுபது வயதைத் தாண்டியவர்கள் சிலர் இருக்கிறார்கள். வேலையை இன்று மாலையே தொடங்கலாம்.